அமிர்தவேணி யோகாவுக்குப் போகவில்லை

ஏனுங்க அம்மிணி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. காத்து மூஞ்சியிலயே அடிக்குது. ஆ, போதும் போதும்.

கையில என்னங்க, நோட்டீஸா? காட்டுங்க. அட, கலைநடை! டவுன்ஹாலுக்கா போறீங்க? இன்னைக்குக் கடைசிச் சனிக்கிழமையாச்சே, மறந்தே போயிட்டேன். மொதத் தடவையா? தனியாவா?

அப்ப நான் சொல்றேன், கேட்டுக்கங்க. பஸ்ஸை விட்டு எறங்கினதும் மணிக்கூண்டுப் பக்கம் ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க, கூட்டம் நெரியும், மாட்டி வெச்சிருக்கற ஒரு படத்தையும் முழுசா பாக்க முடியாது. நீங்க பின்னாலிருந்து வாங்க. அஞ்சேகாலுக்குப் பழைய போட்டோ ஸ்டுடியோ. அங்க இருவது நிமிஷம் போதும், எல்லாம் கருப்பு வெள்ளைதான். அஞ்சேமுக்காலுக்கு ஸ்டேஷனரிக் கடை மாடி. கீழ நோட்டுப் புஸ்தகம் வித்துட்டு இருப்பாங்க, மேல மண் பொம்மை வெச்சிருப்பாங்க. படி செங்குத்து, பாத்து ஏறுங்க. ஆறேகாலுக்குத் தெருவுல பறை அடிப்பாங்க. அதை நின்னுட்டே கேளுங்க, உக்காந்துட்டா எந்திரிக்க மனசு வராது. ஆறரைக்குப் பஞ்சு வியாபாரி வீடு. பெரிய வீடு, இப்ப யாரும் குடியில்லை, மாடி ஹால்ல படம் மாட்டியிருப்பாங்க.

அந்த வீட்டுக்குப் போகாட்டியும் பரவால்ல.

இல்லீங்க, நல்லாத்தான் இருக்கும். சும்மா சொன்னேன்.

இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்காளே, மாசா மாசம் போவா போலன்னு நினைக்கறீங்க. ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன், போன மாசம். ஆனா நாலு மாசம் திட்டம் போட்டேன். எனக்காக இல்லீங்க, என் சிநேகிதிக்காக. அமிர்தவேணின்னு பேரு. நான் சௌந்தரநாயகி. ரெண்டு பேரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து சீட்டு. ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரே டிஃபன் பாக்ஸ்தான்னு வெச்சுக்கங்களேன். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். இப்பவும் காலனிப் பார்க்குல தினம் காலையில ஆறு மணிக்கு நடப்போம். நடப்போம்னா, நடந்துட்டு இருந்தோம்.

வேணி சாதுவான பொம்பளை. வாயே தெறக்க மாட்டா. அவளுக்கு எது வேணும்னு அவளுக்கே தெரியாது, நான்தான் பாத்துப் பாத்துச் செய்யணும். அவ புருஷன் திடீர்னு தவறிப் போனப்ப ஆஸ்பத்திரி, ஐயர், சொந்தக்காரங்களுக்குச் சாப்பாடு, ஆபீஸ்ல எழுதிக் குடுக்கற பேப்பர், அத்தனையும் நான். அவ ஒரு பக்கமா உக்காந்திருந்தா. "வேணி, ஜனமெல்லாம் மூணு மணிக்குக் கெளம்பிருவாங்க, அப்பறம் நீ கதவைச் சாத்திட்டு நல்லா அழுதுக்கோ, நான் வாசல்ல இருந்து பாத்துக்கறேன்"ன்னு சொல்லி, அழறதுக்குக்கூட நேரம் ஒதுக்கிக் குடுத்தவ நான். அவ பொண்ணுக்குத் திருப்பூர்ல மாப்பிள்ளை பாத்தது நான். கல்யாணத்துக்கு அவ என்ன சேலை கட்டறதுன்னு சொன்னதும் நான்தான். பச்சை எடுத்து வெச்சிருந்தா. பச்சை உனக்கு ஆகவே ஆகாது வேணின்னு சொல்லி மெரூன் கட்ட வெச்சேன். போட்டோவுல பாக்கணும், அம்புட்டு லட்சணம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் பார்க்குல உக்காந்திருக்கறோம். "சௌந்தரா, நான் ஒரு கிளாஸுக்குப் போலாம்னு இருக்கேன்"னா. எனக்கு அவ்வளவு சந்தோசம். நானே சொல்லணும்னு இருந்தேன். அவளுக்கு முட்டி வலி. "யோகாதானே? எனக்கு நல்ல இடம் தெரியும், நீ ஒண்ணும் அலைய வேண்டாம்"னு சொல்லி, அன்னைக்கே போயி அவ பேரைச் சேர்த்துட்டு வந்துட்டேன். செவ்வாயும் வியாழனும், சாயங்காலம் நாலுலயிருந்து ஆறு. அவ ஏதோ சொல்ல வந்தா. நன்றி கின்றி சொல்லப் போறாளாக்கும்னு, "நமக்குள்ள என்னடி"ன்னுட்டேன்.

ரெண்டு வருஷமுங்க. செவ்வாய்க்கிழமையானா "யோகா எப்படிப் போகுது வேணி?" "நல்லாப் போகுது." வியாழக்கிழமையானா "முட்டி எப்படி இருக்கு?" "தேவலை." ஒரு தடவை அவ நகக்கண்ணுல நீலமா என்னவோ ஒட்டியிருந்துது. "என்னடி இது?"ன்னேன். "கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சேன்"னா. அவ வீட்டு கேட்டு நீலம் இல்லீங்க, சாம்பல் கலரு. அது எனக்கு இப்பத்தான் நெனப்புக்கு வருது. அன்னைக்கு நான் எங்க கேட்டுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்னு பேசிட்டு இருந்துட்டேன்.

தை மாசத்துல பேப்பர்ல இந்தக் கலைநடையைப் பத்திப் போட்டிருந்தான். மாசக் கடைசிச் சனிக்கிழமை, பழைய டவுன் வீதியில கடை, வீடு, குடோன் எல்லாத்தையும் தெறந்துவிட்டுப் படம் மாட்டறாங்க, பாட்டு கூத்து எல்லாம் உண்டு, யார் வேணா வந்து பாக்கலாம்னு. வேணி வீட்டை விட்டே வெளிய வர்றதில்லையே, கூட்டிட்டுப் போனா ஒரு மாறுதலா இருக்கும்னு தோணுச்சு. சொன்னேன். அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. "எதுக்கு சௌந்தரா, உனக்குப் படமெல்லாம் புடிக்காதே"ன்னா. "எனக்குப் புடிக்காட்டி என்ன, உனக்காகத்தானே"ன்னேன்.

ஒரு முழுப் பேப்பர்ல திட்டம் எழுதினேன். எத்தனை மணிக்கு எங்க, எவ்வளவு நேரம், பாத்ரூம் எங்க இருக்குது, காப்பி எங்க குடிக்கறது, எந்த பஸ்ஸுல திரும்பறது, எல்லாம். மாசி மாசம் கேட்டா, முட்டி வலின்னா. பங்குனியில பொண்ணு வருதுன்னா. சித்திரையில மறுபடியும் முட்டி. வைகாசிக்கு நானே ஆட்டோக்காரர்கிட்டச் சொல்லி, காப்பிக் கடையில ஏழேகாலுக்கு ரெண்டு பேருக்கு இடமும் சொல்லி வெச்சுட்டேன். அன்னைக்கு மத்தியானம் ஃபோன் பண்றா. "இந்த மாசம் வேண்டாம் சௌந்தரா. நிக்கவே முடியலை."

கோவப்படலீங்க. பாவம், நிக்க முடியலைன்னா என்ன பண்ணுவா? நான் என்ன நினைச்சேன்னா, இன்னைக்கு நான் மட்டும் போயி, எந்தெந்த இடத்துல உக்கார நாற்காலி இருக்குதுன்னு பாத்து எழுதிட்டு வந்துட்டா, அடுத்த மாசம் அவளை உக்கார வெச்சு உக்கார வெச்சே முழுசும் காட்டிப்போடலாமுன்னு. எங்க வீட்டுக்காரர் கெளம்பும்போதே சொன்னார், "போகாதே, வெய்யிலா இருக்குது"ன்னு. அவர் என்னைக்கும் என் சோலிக்கு வராதவரு. அன்னைக்கு மட்டும் மூணு தடவை சொன்னார்.

போனேன். போட்டோ ஸ்டுடியோவுல ஒரு பெஞ்சு, எழுதிக்கிட்டேன். ஸ்டேஷனரிக் கடை மாடிக்கு அவளால ஏற முடியாது, அடிச்சுட்டேன். பஞ்சு வியாபாரி வீட்டுல மாடிப்படி அகலம், கைப்பிடி இருக்குது, மெதுவா ஏறிடுவா. ஹால்ல நல்ல மர நாற்காலி, கை வெச்சது, மெத்தைகூடப் போட்டிருக்காங்க. சுவத்துல பேப்பரை வெச்சு, "நாற்காலி ஒண்ணு, நல்லது"ன்னு எழுதிட்டு நிமிர்றேன்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்துல வேணி நிக்கறா.

பச்சைச் சேலை.

அவளைச் சுத்தி ஏழெட்டுப் பேரு. உங்க வயசுப் பசங்க, புள்ளைங்க. அவ பேசிட்டு இருக்கா. கையை ஆட்டி ஆட்டிப் பேசறா! முப்பத்தெட்டு வருஷத்துல அவ கையை ஆட்டி நான் பாத்ததில்லை. எல்லாரும் வாயை மூடிட்டுக் கேக்கறாங்க. நான் நினைச்சேன், யாரோ அவ ஜாடையில இருக்கறாங்கன்னு. மெய்யாலுமே அப்படித்தான் நினைச்சேன்.

தாடி வெச்ச ஒருத்தர் எங்கிட்ட வந்தார். சேவியர்னு பேரு, டிராயிங் வாத்தியார். என் மூஞ்சியைப் பாத்தார், பின்னால சுவத்தைப் பாத்தார், சிரிச்சார். "நீங்கதானே சௌந்தரம் அம்மா? உங்களைப் பத்தி வேணிம்மா நிறையச் சொல்லியிருக்காங்க"ன்னார். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அந்த ஆளுக்கு என்னைத் தெரியுது. என் வேணிக்கு வேணிம்மான்னு ஒரு பேரு இருக்கறதே எனக்குத் தெரியலை.

அப்பத்தான் சுவத்தைப் பாத்தேன். அவ வரைஞ்ச படமாம். ஒம்போது படம். நடுவுல பெருசா இருக்கறது, நான்.

எங்க பார்க்கு பெஞ்சு. அதுல நான் உக்காந்திருக்கறேன். வாயைப் பொளந்துட்டு, இப்படி ஒத்தை வெரலை நீட்டிட்டு. என் மூக்குத்தி, என் கழுத்து மடிப்பு, எல்லாம் அப்படியே உரிச்சு வெச்சிருக்கா. பக்கத்துல யாரும் இல்லை. வேணியோட தண்ணி பாட்டில் இருக்குது, வேணியோட செருப்பு கீழ கெடக்குது, அவளைக் காணோம். யாரும் இல்லாத பெஞ்சுல கிறுக்குப் புடிச்சவ மாதிரி நான் தனியா உக்காந்து பேசிட்டு இருக்கறேன். கீழ சின்னதா அட்டையில எழுதியிருக்குது, "கேட்டுக்கொண்டிருக்கிறேன்"னு.

தன்னை ஒரு ஓரத்துலயாவது வரைஞ்சிருக்கலாமுல்ல? மறந்துட்டாளா, இல்லை வேணும்னேதான் விட்டாளான்னு இன்னும் எனக்குப் புரியலை.

ஒரு புள்ளை என்னையும் படத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "ஆன்ட்டி, இது நீங்கதானே! படத்துகிட்ட நில்லுங்க, ஒரு செல்ஃபி"ங்குது. எல்லாரும் திரும்பினாங்க. அப்பத்தான் வேணியும் பாத்தா.

நான் சத்தம் போடலீங்க. நெருங்கிப் போயி, "முட்டி வலின்னியே?"ன்னேன்.

"வலிக்குது சௌந்தரா. மத்தியானத்துல இருந்து நின்னுட்டே இருக்கேன்"னா.

"யோகா?"

"போகலை."

"எத்தனை நாளா போகலை?"

"ஒரு நாளும் போகலை. அந்த நேரத்துல இவர்கிட்டப் படம் வரையப் படிச்சேன்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லலை? நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அவ தலையைக் குனியலீங்க. அதுதான் எனக்குத் தாங்கலை. நேரா என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா, "வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டே. சொல்லியிருந்தா நீ ரொம்ப நல்லாப் பண்ணிக் குடுத்திருப்பே. அதான் சொல்லலை."

நீங்களே சொல்லுங்க, இது ஒரு பேச்சா? நல்லாப் பண்ணிக் குடுக்கறது ஒரு குத்தமா? ஊர்ல இதைவிட நல்ல வாத்தியாரா பாத்திருப்பேன். தினம் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். கலரு, தாளு எது வேணும்னு விசாரிச்சு வாங்கிக் குடுத்திருப்பேன். எதை வரையலாம்னு யோசனை சொல்லியிருப்பேன். இப்படி வாயைப் பொளந்த படம் எதுக்கு, அழகா ஒரு முருகர் வரையலாமேன்னு சொல்லியிருப்பேன். அத்தனையும் வேண்டாம்னு தானே ஒளிச்சு வெச்சிருக்கா?

கையில இருந்த பேப்பரை அவகிட்டக் குடுத்தேன். "உனக்கு எங்கெங்க நாற்காலி இருக்குதுன்னு எழுதினேன். வெச்சுக்கோ"ன்னு சொல்லிப்போட்டு இறங்கிட்டேன். அவ "சௌந்தரா, சௌந்தரா"ன்னு படி வரைக்கும் வந்தா. முட்டிதானே, இறங்க முடியலை. நான் திரும்பிப் பாக்கலை. வீதியில பறை அதிருது, ஜனங்க ஆடறாங்க, அதுக்கு நடுவுல நான் அழுதுட்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். ஒரு ஆளும் என்னன்னு கேக்கலை.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்டக் கொட்டினேன். அவர் டிவியை அணைச்சுட்டு உக்காந்திருக்கார். எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. "உங்களுக்குத் தெரியுமா?"ன்னேன். "ஒரு வருஷமாத் தெரியும். ஒரு நாள் கையில படத்தோட பஸ்ஸுல பாத்தேன். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிச்சு"ங்கறார். கட்டின புருஷன்! "ஏனுங்க, எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"ன்னா, "அந்தம்மாகிட்ட அது ஒண்ணுதான் தனியா இருந்துது. உனக்குத் தெரிஞ்சா அதுவும் உன்னோடது ஆயிருமேன்னு விட்டுட்டேன்"ங்கறார். ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதிரி ஒரே பேச்சு. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருக்கும் சாப்பாடு இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேணி வீட்டுக்கு வந்தா. ரூமைச் சாத்திட்டு, நான் தூங்கறேன்னு சொல்லச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் அதைச் சொன்னார், சொல்லிட்டு அவளை உக்கார வெச்சுக் காப்பி போட்டுக் குடுத்தார். அவருக்குக் காப்பி போடத் தெரியுங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். கெளம்பும்போது கதவுகிட்ட நின்னு அவ சொன்னா, "சௌந்தரா, நீ முழிச்சுட்டுத்தான் இருக்கேன்னு தெரியும். படமெல்லாம் அடுத்த கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் அங்கதான் இருக்கும். அன்னைக்குச் சாயங்காலம் கழட்டிருவாங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ." தலகாணியைக் கடிச்சுட்டுக் கெடந்தேன். பார்க்குக்கும் போறதில்லை. ஒரு மாசமா மொட்டை மாடியிலதான் நடக்கறேன்.

ஆமாங்க, அந்தச் சனிக்கிழமை இன்னைக்குத்தான். நான் உக்கடம் போறேன், நாத்தனார் வீட்டுக்கு. விசேஷம் ஒண்ணும் இல்லை, சும்மா பாத்துட்டு வரலாம்னு. இந்த பஸ்ஸு டவுன்ஹால் வழியாப் போறதுக்கு நான் என்னங்க பண்றது?

முப்பத்தெட்டு வருஷமுங்க அம்மிணி. எதிரி பண்ணினா எதிரின்னு விட்டுப்போடலாம். கூட இருந்தவ, செவ்வாய்க்கு ஒரு பொய், வியாழனுக்கு ஒரு பொய்னு சிரிச்சுட்டே சொல்லியிருக்காளே. அந்தப் படத்துல இருக்கற என் மூஞ்சியைப் பாத்து ஊரே சிரிச்சுதே.

என்னங்க? என்ன கேட்டீங்க? பஸ்ஸு சத்தத்துல கேக்கலை.

மத்த எட்டுப் படமா?

மத்த எட்டுல... ஜன்னலோரமா ஒண்ணு இருந்துது. நீலமா இருந்துது. மரமா, கட்டடமா... இருங்க, சொல்றேன். வாசல்கிட்ட ஒண்ணு, சின்னது. அதுல ஆளு இருந்துதா? ஆம்பளையா இருக்கும். அவ புருஷனோ என்னவோ. இல்லை, எக்ஸ்சேஞ்சு கட்டடமோ?

தெரியலீங்க.

நான் பாக்கலை. என் மூஞ்சியைப் பாத்தேன், வந்துட்டேன்.

ஒரு மாசமா இதை எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருப்பேன். என் பொண்ணுகிட்ட ஃபோன்ல, பக்கத்து வீட்டுல, பால் ஊத்தறவர்கிட்ட. எல்லாரும் அவ பண்ணினது தப்புன்னாங்க. ஒருத்தரும் இப்படிக் கேக்கலை. ரெண்டு வருஷம், வாரத்துக்கு ரெண்டு நாள், முட்டி வலியோட போயி என்னத்தை வரைஞ்சான்னு எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. அவளைப் பத்தித் தெரியாதது ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

காந்தி பார்க் தாண்டிருச்சா? அடுத்தது உங்க ஸ்டாப்புதான். பையை எடுத்துக்கங்க. கண்டக்டர் தம்பி, டவுன்ஹால்ல ஆள் எறங்குது, அவசரப்பட்டு விசில் அடிச்சுப்போடாதீங்க.

கொஞ்சம் நகருங்க. நானும் எறங்கறேன். நாத்தனார் எங்க போயிரப் போறா, நாளைக்கும் அங்கதான் இருப்பா.

சமாதானம் ஆயிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. வயிறு இன்னும் எரியுது. அவளை மன்னிக்கறதா எனக்கு உத்தேசம் இல்லை. அந்த எட்டையும் கழட்டறதுக்குள்ள பாத்துட்டு வந்துடறேன், அவ்வளவுதான். நீங்க உங்க இஷ்டத்துக்கு எங்க வேணா ஆரம்பிங்க. நான் நேரா மாடிக்குப் போறேன்.

அவ அங்க இருப்பா. ஏதாவது சொன்னா, சொல்லட்டும். நான் வாயைத் தெறக்க மாட்டேன்.